யோசித்துத் திறக்கும் கதவு

“அப்பா, இதெல்லாம் இணையத்துலயே இருக்குமே. தேட வேண்டியதுதானே?”

“தேடலாம்மா. ‘டீபக்கர் கற்றுக்கொள்வது எப்படி, ஆரம்பநிலை’ன்னு நான் தேடுறதைப் பக்கத்து சீட்டுக்காரன் பார்த்துட்டான்னா? அப்புறம் நான் இந்த ஆபீஸ்ல தலைகாட்ட முடியுமா?”

மாடிப்படி வளைவில், தீயணைக்கும் உருளையோடு உருளையாகச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்தபடி, கல்லூரியில் கணினி படிக்கும் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார் அந்த மென்பொருள் நிறுவனத்தின் மூத்த நிபுணர். அலுவலகத்தில் அவருக்குக் கருந்திரையார் என்று பெயர். பெயரின் கடைசியில் இருந்த மரியாதை மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

யாராவது அவர் கண்ணெதிரே மவுஸைப் பிடித்துவிட்டால் போதும், தொடங்கிவிடுவார். “எங்க காலத்துல ஏதுப்பா மவுஸு, பட்டனு? வெறும் கறுப்புத் திரை. பிழை தேடுற டீபக்கரைத் திறந்து ஒரு கட்டளை தட்டினா, ஓடுற புரோகிராம் அப்படியே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதோட பையில கைவிட்டு, பிழை எங்கன்னு எடுத்துக் காட்டுவோம்.”

அவர் அந்தக் கருவியைத் தொட்டதே இல்லை என்பது அவருக்கும் அவர் மகளுக்கும் மட்டுமே தெரியும். அவர் பிழை கண்டுபிடிக்கும் முறை வேறு. புரோகிராமுக்குள் ஆங்காங்கே ‘வந்துட்டேன்’, ‘இங்கேயும் வந்துட்டேன்’, ‘இதுவரைக்கும் பரவாயில்லை’ என்று அச்சிடும் வரிகளைச் சொருகிவைப்பார். எந்த வரியோடு பேச்சு நின்றுபோகிறதோ, அங்கே பிழை. இந்த ஒரே வித்தையில் நிபுணராகி, மூத்த நிபுணருமாகிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், புதிதாக வந்த இயக்குநர் அம்மாள் அவரை நம்பிவிட்டார்.

“மத்தியானம் கஸ்டமர் வர்றாங்க சார், அட்டையைக் காட்டினாத் திறக்கிற நம்ம கதவு சாஃப்ட்வேரைப் பார்க்க. கோளாறு வந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேக்குறாங்க. நீங்க சொல்வீங்களே கறுப்புத் திரை, அதைக் காட்டிடுங்க.”

“அதுக்கென்ன மேடம், கண்ணை மூடிக்கிட்டுக் காட்டுவேன்.”

“கண்ணைத் திறந்தே காட்டுங்க. இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா, நாளைக்கு உங்க சீட்டுல வேற ஆளைத்தான் நான் உக்கார வைக்கணும்.”

அதனால்தான் மாடிப்படி.

“சரி, நல்லாக் கேட்டுக்குங்க” என்றாள் மகள். “ஓடுற புரோகிராம் ஒண்ணை எடுத்து டீபக்கரோட கோத்துவிடுங்க. எந்த இடத்துல நிக்கணுமோ அதுக்கு ‘பிரேக்’. மறுபடி ஓட ‘கன்டினியூ’. நிக்கிற இடத்துல அதோட கையில என்ன இருக்குன்னு பார்க்க ‘பிரின்ட்’. வெறும் என்டர் தட்டினா, கடைசியா என்ன சொன்னீங்களோ அதையே திரும்பப் பண்ணும்.”

“வெளியே வர்றதுக்கு?”

“ஐயோ, லேப்ல போனை வாங்குறாங்க. வைக்கிறேம்ப்பா!”

உள்ளே போகத் தெரிந்தால் போதாதா, வெளியே வருவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கருந்திரையார் தன் மேசைக்கு வந்தார். எந்தப் புரோகிராமில் பழகுவது? வரப்போகிறவர்கள் கதவுக்காக வருகிறார்கள், கதவு மென்பொருளிலேயே பழகுவதுதானே முறை? அலுவலகத்தின் கண்ணாடிக் கதவே அந்த நேரத்தில் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தெரிந்திருப்பது ஒரு துறை, நினைவுக்கு வருவது வேறு துறை.

கோத்துவிட்டார். புரோகிராம் பொசுக்கென்று நின்றது.

“அடங்கிட்டான்” என்று கைகட்டிச் சாய்ந்தார்.

வாசல் பக்கம் தடதடவென்று சத்தம் கேட்டது. கணக்காளர் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் அடையாள அட்டையுமாக, கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு தொட்டி மீன் போல வாயசைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த வடிவமைப்பாளன் எட்டிப் பார்த்தான். கருந்திரையார் என்று பெயர் வைத்த புண்ணியவான் அவன்தான். “சார், கதவு செத்துப்போச்சு. நீங்க கொஞ்சம் பாருங்களேன்.”

“பார்த்துட்டுத்தாம்ப்பா இருக்கேன்” என்றார் கருந்திரையார். அன்று அவர் சொன்ன முதல் உண்மை அது.

வியர்த்துக் கொட்டியது. ‘உதவி’ என்று தட்டினார். திரை, கட்டளைகளை வரிசையாகக் கொட்டியது. ‘கொல்’ என்றது ஒன்று. ‘அழி’ என்றது ஒன்று. ‘கழற்று’ என்றது இன்னொன்று. இது உதவிப் பக்கமா, கூலிப்படையின் விளம்பரமா என்று அவருக்குக் கலக்கமாகிவிட்டது. கழற்றினால் எது கழலும்? கதவே கீலோடு கழன்று கணக்காளர்மேல் விழுந்துவிட்டால்? ‘வெளியேறு’ என்று தட்டிப் பார்த்தார். ‘ஒரு வேலை பாதியில் இருக்கிறது. அப்படியும் போய்த்தான் தீருவீர்களா?’ என்று கேட்டது திரை. பொறுப்புள்ள மனுஷன் யாராவது இதற்கு ஆமாம் என்பானா? இல்லை என்றார்.

மகள் சொன்னபடியே போய்விடுவது என்று முடிவுசெய்தார். முதலில் பிரேக், அப்புறம் கன்டினியூ. கதவைத் திறக்கும் இடத்தைத் தேடி அங்கே ஒரு பிரேக் போட்டார். கன்டினியூ. புரோகிராம் ஓடத் தொடங்கியது. அப்பாடா என்றார்.

கணக்காளர் மீண்டும் அட்டையைக் காட்டினார். புரோகிராம் ஓடிவந்து, கதவைத் திறக்கப் போகும் அந்தக் கணத்தில், சொன்ன பேச்சுத் தட்டாமல் நின்றது. கருந்திரையார் பதறி என்டரைத் தட்டினார். கதவு திறந்தது. சாய்ந்து நின்ற கணக்காளர் தேநீரோடு உள்ளே வந்து சேர்ந்தார், தேநீர் முதலில்.

அடுத்த ஆள் வந்தார். நின்றது. என்டர். திறந்தது. அதற்கடுத்த ஆள். நின்றது. என்டர்.

விஷயம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இனி யார் வந்தாலும் அவர் தட்டினால்தான் கதவு. நாற்காலியைவிட்டு எழ முடியாது.

போட்ட பிரேக்கை எடுக்கத் தெரியவில்லை. ‘அழி’ என்ற சொல்லைத் தொடப் பயம். திறக்கும் இடத்தில் ஒன்று இருப்பதால்தானே தொல்லை, மூடும் இடத்திலும் ஒன்று போட்டால் கணக்கு நேராகிவிடாதா என்று யோசித்தார். போட்டார். இப்போது திறக்க ஒரு தட்டு, மூட ஒரு தட்டு. மூட மறந்தால் கதவு ஆவென்று திறந்து கிடந்து, அலாரம் ஊளையிட்டது.

“என்ன சார், கதவு இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு?” என்றான் வடிவமைப்பாளன்.

“உள்ளே ஆழமா ஒரு சோதனை ஓடுது. உனக்குச் சொன்னாப் புரியாது.”

அவனுக்குப் புரியாது என்று சொன்னதும் உடம்பில் பழைய தெம்பு வந்தது. அப்போதுதான் பிரின்ட் நினைவுக்கு வந்தது. தட்டிப் பார்த்தார். வாசலில் அட்டையை நீட்டுபவர் யார் என்று திரையில் தெரிந்தது! ‘வடிவமைப்பு’ என்று வந்தபோது, கருந்திரையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய வடிவமைப்பாளன் வாசலில் அட்டையை நீட்டினான், திருப்பி நீட்டினான், சட்டையில் தேய்த்து நீட்டினான். பிறகுதான் கன்டினியூ.

தன்னோடு சண்டை போடாதவர்களுக்கு உடனே, போட்டவர்களுக்கு மெதுவாக, அட்டையை மறந்துவிட்டு அடுத்தவர் அட்டையில் வருபவர்களுக்கு ஒரு முறைப்புக்குப் பிறகு என்று மத்தியானத்துக்குள் அவருக்குக் கை பழகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அதிகாரத்தை அவர் அனுபவித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் புரோகிராம் மறுபடி நின்றது. யாரென்று பார்க்க பிரின்ட் தட்டினார். ‘இயக்குநர்’ என்றது திரை. ஐயையோ! என்டரை அடித்தார். கடைசியாகச் சொன்னது பிரின்ட் ஆயிற்றே! ‘இயக்குநர்’ என்றது. மறுபடி அடித்தார். ‘இயக்குநர்’. ‘இயக்குநர்’. ‘இயக்குநர்’. திரை முழுக்கத் துதிபாடல். வாசலில் இயக்குநர் அம்மாள் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார், பின்னால் கஸ்டமர் நிறுவனத்தின் பெரிய அதிகாரி, அவருக்கும் பின்னால் குறிப்பேடும் கையுமாக ஓர் உதவியாளர்ப் பெண்.

“ஏன் திறக்கலை?” என்றார் அதிகாரி.

இயக்குநர் அம்மாள் அந்தப் பதவிக்குச் சும்மா வந்துவிடவில்லை. “யோசிக்குது சார்” என்றார்.

“யோசிக்குதா?”

“செயற்கை அறிவு. அட்டையை மட்டும் நம்பாது. ஆளைப் பார்த்து, எடைபோட்டு, முடிவெடுக்கும்.”

அதற்குள் கருந்திரையாருக்கு ‘கன்டினியூ’ நினைவுக்கு வந்துவிட்டது. கதவு கம்பீரமாகத் திறந்தது. அதிகாரி உள்ளே வந்து, தன்னை எடைபோட்டு ஏற்றுக்கொண்ட கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்லிய பெருமிதம்.

மேசைக்கு வந்ததும் இயக்குநர் அம்மாள் குனிந்து முணுமுணுத்தார். “என்ன நடக்குது இங்க?”

“மேடம், காலையில ஒரு சின்ன...”

“சொல்லாதீங்க. அவங்க போறவரைக்கும் இப்படியே நடக்கட்டும்.” நிமிர்ந்து சிரித்தார். “சார், இவர்தான் இதோட மூளை.”

“பரிசோதனை செஞ்சு பார்க்கலாமா?” என்ற அதிகாரி, அந்தப் பக்கமாகப் போன கணக்காளரை வெளியே அனுப்பி உள்ளே வரச் சொன்னார். எல்லோரும் கருந்திரையாரின் முதுகுக்குப் பின்னால் கூடினார்கள். கறுப்புத் திரையில் ‘கணக்கு’ என்று வந்து, கர்சர் கண்சிமிட்டியது.

“இப்ப என்ன பண்ணுது?”

“சிந்திக்குது சார்.”

“நீங்க ஏன் கீபோர்டு மேல விரலை வச்சிருக்கீங்க?”

“பிடிச்சு வச்சிருக்கேன் சார். விட்டா ரொம்ப ஆழமாப் போயிடும்.”

அதிகாரி மெய்மறந்து தலையாட்டினார். கருந்திரையார் கன்டினியூ தட்டினார். உள்ளே வந்த கணக்காளர் கடுப்பாகக் கேட்டார். “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் யோசிக்குது?”

“அது உங்க மனசாட்சியைக் கேளுங்க” என்றார் அதிகாரி. “இதேதான் எங்களுக்கு வேணும். நல்லவனுக்கு உடனே திறக்குது, சந்தேகம் வந்தா நிதானிக்குது. மனுஷனாலகூட இப்படி முடியாது!”

அங்கேயே கையெழுத்தாயிற்று. கைகுலுக்கினார்கள். இயக்குநர் அம்மாள், “இனி இந்த சீட்டு உங்களுதுதான்” என்று கருந்திரையாரின் தோளைத் தட்டிவிட்டு, அதிகாரியை வழியனுப்பப் போனார். ஒரு தட்டு, திறந்தது. ஒரு தட்டு, மூடியது. பிழைத்தோம் என்று கருந்திரையார் மூச்சுவிட்டார்.

அவர்களோடு போகாமல் பின்தங்கிய அந்த உதவியாளர்ப் பெண், குறிப்பேட்டைப் பையில் வைத்துக்கொண்டே அவர் காதருகே குனிந்தாள்.

“சார், எங்க பழைய செயற்கை அறிவுக் கதவுக்குள்ள இருந்தவரு ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிடுவாரு, நாங்க எல்லாரும் வெளியவே நிப்போம். நீங்க எத்தனை மணிக்குப் போவீங்க?”