பூட்டியிருந்தால்தான் தொடுவார் டொக்கண்ணன்

பூட்டில்லாத ஒரு பொருளை டொக்கண்ணன் தன் வாழ்நாளில் தொட்டதே கிடையாது. வீட்டுச் சாவி அவர் அரைஞாணிலேயே தொங்கும். ஆனால் சைக்கிள் கம்பியை வளைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். "சாவி போட்டு ஆரு வேணாத் தொறக்கலாமப்பா" என்பார். மனைவி கோபித்துக்கொண்டு உள்ளே தாழ் போட்ட நாட்களில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது பேப்பரில் ஹேக்கர் கும்பல் என்று அடிக்கடி போடுகிறார்கள். ஊரான் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடுகிறார்களாம். எதற்குச் செய்கிறார்கள் என்று படித்தவர்கள் கூடி ஆராய்கிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் அப்படி ஒரு கும்பலில் இருந்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் டொக்கண்ணன் வெல்டர், நான் பலகை அடிப்பவன். படிப்பைவிடப் பெரிய குறை எனக்குக் கூச்சம். டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டால்கூடச் சொல்லமாட்டேன். இனிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு குடித்துவிடுவேன்.

பட்டறைக்கு டெலிபோன் வந்தது. வந்தவன் போனவனெல்லாம் சுழற்றுகிறான் என்று முதலாளி எண்வட்டுக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டார். டொக்கண்ணன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பூட்டைப் பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில் நான் பார்த்திருக்க வேண்டிய பார்வை அது. நான் அங்கே தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலே நாளில் வழி கண்டுபிடித்துவிட்டார். வட்டைத் தொடவே வேண்டாம். ரிசீவர் உட்காரும் இடத்திலுள்ள பொத்தானை டொக் டொக்கென்று தட்டினால் போதும். மூன்றுக்கு மூன்று தட்டு, ஏழுக்கு ஏழு தட்டு. டொக்கண்ணன் என்று பெயர் வைத்தவன் நான்தான். மனசுக்குள் வைத்தேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

முதலாளி சாப்பிடப் போகும் மத்தியானத்தில் எங்கள் கும்பல் கூடும். கும்பல் என்றால் இரண்டு பேர். அவர் தட்டுவார், நான் எண்ணுவேன். என் படிப்புக்கு ஏற்ற பதவி. அதிலும் ஒரு சங்கடம். சைபர் என்றால் ஒன்றுமில்லை என்று என் வாத்தியார் சொல்லியிருந்தார். டெலிபோனுக்கு அது பத்துத் தட்டு.

மறுமுனையில் யாராவது "ஹலோ" என்றதும், "போயிருச்சு!" என்று ரிசீவரை வைத்துவிடுவார்.

"ஏதாச்சும் பேசுங்கண்ணா."

"பேச என்னப்பா கெடக்குது? அதான் தொறந்துக்கிச்சில்ல."

ஒருநாள் என் எண்ணிக்கை பிசகி, தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விட்டது. பதறிப்போய் ரிசீவரை என் கையில் திணித்தார். "தீ எங்கீங்க?" என்றது குரல். "இன்னும் பத்தலீங்க" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். பதிலுக்கு வந்த மரியாதையை இங்கே எழுத முடியாது.

அந்த வருஷம் என் மனைவி தலைப்பிரசவத்துக்கு ஆத்தூரிலுள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சிரமம்தான் என்று டாக்டர் சொன்னதாகவும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகவும் கடிதம் வந்தது. பிறகு மூன்று நாளாகத் தகவலே இல்லை. மச்சான் வேலை செய்யும் அரிசி மில்லில் போன் உண்டு. ஒன்று, முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும். இல்லையென்றால் போன் சாவி கேட்க வேண்டும். இரண்டு தரம் அவர் எதிரில் போய் நின்றேன்.

"என்னப்பா?"

"ஆணி தீந்துபோச்சுங்க."

இரண்டு பெட்டி ஆணி வந்து சேர்ந்தது.

"ஏஞ் சாமி, ஆணி மேலயே ஆணி அடிக்கற, என்னாச்சு?" என்றார் டொக்கண்ணன். சொன்னேன். "அட, இதுக்கா?" என்றவர், அன்று மத்தியானம் வெளியூர் லைன் போட்டுத் தரும் டிரங்க் புக்கிங்குக்குத் தட்டி, ரிசீவரை என்னிடம் நீட்டினார். ஆப்பரேட்டர் அம்மா ஆத்தூர் நம்பரைக் கேட்டார், சொன்னேன். "உங்க நம்பரச் சொல்லுங்க. லைன் கெடச்சதும் நாங்களே கூப்பிடறோம்" என்றார். அதையும் சொல்லிவிட்டேன். கன்னம் வைக்கப் போன வீட்டில் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்த திருடன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

முதலாளி சாப்பிட்டு வந்து ஏப்பம் விட்டு உட்கார்ந்தார். மணி அடித்தது. அவரே எடுத்தார்.

"ஆத்தூருங்களா? இங்க ஆரும் புக் பண்ணலீங்களே! பூட்டு பூட்டுனபடி இருக்குதுங்க..." பிறகு மறுமுனை சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். என் சுத்தியல் ஆணியை விட்டுப் பலகையில் விழுந்தது. முதலாளிக்குப் பயந்தா, ஆத்தூருக்குப் பயந்தா என்று எனக்கே தெரியவில்லை.

"ஏப்பா, உம்பட மச்சான் பேசறாரு. பொம்பளப் புள்ளையாமா. தாயும் புள்ளையும் சொகமா இருக்காங்களாமா. இந்தா, பேசு."

ரிசீவரை வாங்கி, அழுதுவிட்டு வைத்தேன்.

முதலாளி பூட்டை இழுத்துப் பார்த்தார். "இதுல எப்படிப்பா பேசுன?"

டொக்கண்ணன் முன்னால் வந்தார். "நாந்தானுங்க தட்டுனேன்."

"எதுக்கய்யா?"

"பூட்டியிருந்துச்சுங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "உனக்கென்ன?"

"கேக்கறதுக்குக் கூச்சமா இருந்துச்சுங்க."

"அட கெரகமே! கேட்டிருந்தாச் சாவியக் குடுத்திருப்பேனே சாமி!" பூட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசிவிட்டு, அப்போதே என்னை ஆத்தூர் பஸ்ஸுக்கு விரட்டினார்.

பணம், பேர், பழி, கொள்கை என்று ஹேக்கர்களுக்குப் பேப்பரில் நாலு காரணம் போட்டிருக்கிறார்கள். எங்கள் கும்பலின் இரண்டு காரணமும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு டொக்கண்ணன் அந்த டெலிபோனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் முகம் வாடிக் கிடந்தார்.

பல வருஷம் கழித்து என் வீட்டுக்கும் டெலிபோன் வந்தது. அதற்குப் பூட்டுக் கிடையாது. டொக்கண்ணன் எங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் ஒரு பூட்டைப் போட்டு வைப்பேன். சாவி என் சட்டைப் பையிலேயே இருக்கும். அவரும் கேட்கமாட்டார், நானும் கொடுக்கமாட்டேன்.