மொக்கைச்சாமி சட்டை மாற்றுகிறார்

"முட்டைத் தோசை கெடையாது சாமி. வெறும் தோசை வேணா தாரேன்" என்றாள் சோலையம்மாள்.

பழங்காநத்தம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அவளுடைய தள்ளுவண்டியில் முட்டைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. மொக்கைச்சாமி அவற்றைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அம்புட்டு முட்டை இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்காக மாலை போட்டவுகளுக்கு முட்டை ஊத்திக் குடுத்துட்டு, அந்தப் பாவத்தை நான் எங்க போயித் தொலைக்கிறது?"

"நான் மாலை போடலத்தா."

"மார்கழி மாசம் கறுப்புச் சட்டையப் போட்டுக்கிட்டு மாலை போடலன்னா யாரு நம்புவா? சாமிக்கு ரெண்டு வெறும் தோசை" என்று கல்லைப் பார்த்துத் தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொண்டாள்.

உண்மையில் அவர் மாலை போடவில்லை. சட்டைதான் போட்டிருந்தார். அதற்கே இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

மதுரையின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் அவர் வேட்டிப் பிரிவு. அந்தப் பிரிவில் நிற்பவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில்தான் நிற்க வேண்டும் என்பது கடைச் சட்டம். இப்போது பொங்கலுக்கு இளவட்டங்களுக்கான புது மாடி ஒன்றைத் திறக்கப்போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும் என்று பேச்சு வந்ததும், மொக்கைச்சாமி மேனேஜர் செல்வக்குமாரிடம் போய் நின்றார். மேனேஜர் சிரித்துவிட்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. மாடியில கலர் கலரா விக்கணும். நீங்க வேட்டியோட வேட்டியா இருக்கீங்க. பேரு வேற மொக்கை."

மொக்கைச்சாமி என்பது குலசாமியின் பெயர். அதில் பாதியைப் பிய்த்து எடுத்து, கொட்டாவி வரவைக்கிற எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டது இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்த வேலை. அதற்கு அவர் என்ன செய்வார்?

"சரி, சனிக்கிழமை முதலாளியே நேர்ல வந்து ஆள் எடுப்பாரு. அது வரைக்கும் மாடிக்குத் தகுந்த மாதிரி உடுத்திட்டு வாங்க. பாப்போம்" என்று மேனேஜர் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தான்.

மொக்கைச்சாமி அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடித் தள்ளுபடியிலும் யாரும் சீண்டாத சட்டைகளை வாங்கிவந்து பீரோவின் அடித்தட்டில் ஒளித்துவைப்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். மனைவி நாகஜோதி தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து, ஒன்றை எடுத்துப் போட்டுக் கண்ணாடி முன் நிற்பார். கண்ணாடியில் தெரிகிற ஆளை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஆளைத் தெருவுக்குக் கூட்டிவரத்தான் இத்தனை நாளாகத் தைரியம் வரவில்லை.

வெறும் தோசையோடு பஸ் ஏறினார். மாலை போட்ட ஒருவர் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்.

"உக்காருங்க சாமி. கன்னிச்சாமியா?"

"இல்லங்க, நான் மலைக்குப் போகல."

"பின்ன மாலை எங்க? அறுந்துருச்சா?"

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாலை அறுவது நல்லதில்லையே என்று ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள்.

"மாலையெல்லாம் இல்லங்க. கறுப்பு எனக்குப் பிடிக்கும். அதான் போட்டேன்."

மாலைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்க சாமியே இல்லைங்கிற ஆளா?"

அவ்வளவுதான். பஸ் இரண்டாகப் பிரிந்தது. சாமி உண்டா இல்லையா என்று ஆளாளுக்கு அவரைக் கேள்வி கேட்டார்கள். இறங்குகிற இடம் வருவதற்கு இரண்டு ஸ்டாப் முன்னதாகவே மொக்கைச்சாமி இறங்கி நடந்தார். கடையில் வேட்டி எடுக்க வந்த ஒரு குடும்பம், வேட்டியை எடுக்கும் முன் வரிசையாக அவர் காலில் விழுந்தது.

மறுநாள் கறுப்பை உள்ளே வைத்துவிட்டு எலுமிச்சை மஞ்சளை எடுத்தார். வாசல்படி இறங்கியதும் காலில் ஜில்லென்றது. எதிர் வீட்டு மலையம்மாள் மஞ்சளும் வேப்பிலையும் மிதக்கிற ஒரு குடம் தண்ணீரை அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தீச்சட்டியாண்ணே, பூக்குழியா?"

"ரெண்டும் இல்லத்தா. சட்டை."

"அப்ப அலகா? எம்புட்டு நீளம்?"

"எந்த வேண்டுதலும் இல்லத்தா."

"வெளிய சொல்லக் கூடாதுன்னு வேண்டியிருக்கீகளாக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டு, அந்தச் செய்தியைத் தெரு முழுக்கச் சொன்னாள். தெருமுனைக்குப் போவதற்குள் இன்னும் நாலு வீட்டுக் குடங்கள் கவிழ்ந்தன. இடுப்புவரை நனைந்தபடி கடைக்குப் போய் ஒரு கட்டுப் பட்டு வேட்டியை எடுத்து இடுப்போடு அணைத்தார். வேட்டியில் மஞ்சள் இறங்கியது. மேனேஜர் கறையைப் படம் எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை ரொம்ப யோசித்துச் சிவப்பை எடுத்தார். சிவப்புக்கு யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஊற்றவும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ஓடிவந்து அவர் கையில் கொடியைத் திணித்தார்.

"ஏன் தோழர் இம்புட்டு நேரம்?"

"நான் கடைக்குப் போறேங்க. ஜவுளிக்கடையில வேலை."

"கடைத் தொழிலாளியா? அப்ப முன்னால வாங்க தோழர். ஒங்களுக்குத்தான் இந்தப் போராட்டமே."

முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முதல் கோஷத்துக்கு வாயை மட்டும் அசைத்தார். இரண்டாவதற்குக் கொஞ்சம் சத்தம் வந்தது. மூன்றாவதற்குள், இருபத்திரண்டு வருடமாக வேட்டிகளுக்கு நடுவில் மடித்து வைத்திருந்த குரல் முழுசாக வெளியே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பைக்கில் வந்த மேனேஜர், காலை ஊன்றி நின்று கேட்டான்.

"கடையில சங்கம் ஆரம்பிக்கப் போறீங்களாண்ணே? முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன். நாளைக்கு மாடியும் கெடையாது, வேட்டியும் கெடையாதுன்னு நெனைக்கிறேன்."

அன்று மாலை மொக்கைச்சாமி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வெள்ளையவே போட்டுட்டுப் போயி, மேனேஜர்ட்ட மன்னிப்புக் கேட்டுர்றேன்" என்றார்.

"நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்க?" என்றாள் நாகஜோதி.

"ஒரு தப்பும் பண்ணல. எனக்கு என்ன பிடிக்கும்னு ஒரு நாளாச்சும் வெளிய தெரியட்டுமேன்னு நெனச்சேன். சாமிங்கிறாங்க, தோழருங்கிறாங்க. மொக்கைச்சாமின்னு ஒருத்தன் உள்ள நிக்கிறது ஒரு பயலுக்கும் தெரியல."

நாகஜோதி பீரோவைத் திறந்து, நேராக அடித்தட்டில் கையை விட்டாள். மொக்கைச்சாமி பதறி எழுந்தார்.

"அது வந்து, கடையில மிச்சம்னு குடுத்தாங்க" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க. வருசா வருசம் இதுக்கு அந்துருண்டை போடுறது யாருன்னு நெனச்சீங்க?" அவள் ஒரு சட்டையை உதறி விரித்தாள். இடது பக்கம் முழுவதும் கிளிப்பச்சை. வலது பக்கம் முழுவதும் மிளகாய்ப்பழச் சிவப்பு. கடையில் பொம்மைக்குப் போட்டு வைத்தபோது பொம்மையே கூச்சப்படுகிறது என்று கழற்றிப் போட்ட சட்டை அது.

"போடுறதுன்னா இதப் போடுங்க. இதுக்கு எந்தச் சாமியும் கெடையாது, எந்தக் கட்சியும் கெடையாது. வேலை போனா போகட்டும். இதுல நீங்க எப்படி இருக்கீங்கன்னு நான் ஒரு தடவ பாக்கணும்."

சனிக்கிழமை காலை அந்தச் சட்டையோடு மொக்கைச்சாமி தெருவில் இறங்கினார். மலையம்மாள் குடத்தோடு வந்து, பார்த்து, குழம்பி, குடத்தைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோனாள். சோலையம்மாள் தோசைக் கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் தோசை தின்றுகொண்டிருந்த ஆட்டோக்காரர்தான் கேட்டார்.

"என்னண்ணே, ரெண்டு கட்சியும் கூட்டணியா?"

"எங்கட்சிதான் மாப்ள. ஒத்த ஆளு" என்றார் மொக்கைச்சாமி. "எத்தா, ஒரு முட்டைத் தோசை."

மறுபேச்சில்லாமல் முட்டை உடைந்தது. பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த ஆளைப் பார்த்துக்கொண்டே போனார். எப்படியும் இன்றோடு வேலை போகப்போகிறது என்று முடிவான பிறகு பயப்படுவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. கடை வாசலைத் தாண்டி, பிள்ளை கல்யாணத்தில் பந்தலுக்குள் வருகிற தகப்பனைப்போல நெஞ்சை நிமிர்த்தி உள்ளே நடந்தார்.

முதலாளி அருள்பாண்டியின் கார் ஏற்கெனவே வாசலில் நின்றது. மாடிப் பொறுப்புக்கு ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் விதவிதமாக உடுத்தி வரிசையில் நின்றார்கள். முதலாளி காரை விட்டு இறங்கி வந்து, ஒவ்வொருவரையும் கடந்து, மொக்கைச்சாமியின் முன்னால் நின்றார்.

"இவருதான் முதலாளி, அந்தச் சங்கம்" என்று மேனேஜர் காதோரம் சொன்னான்.

"எம்புட்டு வருசமா இங்க இருக்கீங்க?"

"இருபத்திரெண்டு வருசம் முதலாளி."

"இத்தன வருசமா நான் ஒங்களப் பாத்ததே இல்லையே?"

"பாத்துருக்கீங்க முதலாளி. ஒரு தடவ வேட்டி அடுக்குன்னு நெனச்சு என் தோளத் தடவி, இது எத்தன முழம்னு கேட்டீங்க."

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார்.

"இன்னைக்குக் கார்ல உக்காந்திருக்கப்பவே ஒங்களத் தெரிஞ்சுச்சு. நடந்து வாரது யாருய்யா, நம்ம கடைக்கே இன்னொரு முதலாளியான்னு பாத்தேன். மாடி ஒங்களுது."

"முதலாளி, இவரு நேத்துக் கொடி பிடிச்சாரு" என்று மேனேஜர் பதறினான்.

"இந்த ஆளு சங்கம் வச்சா நானே சேந்துக்கிருவேன். போயி மாடிச் சாவிய எடுத்துட்டு வா."

சாவி கைக்கு வந்ததும் மொக்கைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நாகஜோதிக்குப் போன் போட்டுச் சொல்ல வாசலுக்கு வந்தார். போனில் அவள் சிரித்த சத்தம், காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் பேச்சிமுத்துவுக்கே கேட்டது.

"என்னண்ணே, மாடி கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. எல்லாம் இந்தச் சட்டை பண்ணுன வேலை" என்று மொக்கைச்சாமி காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். "ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் செவப்பு. கார்ல இருக்கப்பவே முதலாளி கண்ணப் பறிச்சிருச்சுல்ல?"

பேச்சிமுத்து துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அவருக்குச் சிக்னல்ல எரியிறது பச்சையா செவப்பான்னே தெரியாதுண்ணே. அதுக்குத்தான என்னைய வண்டி ஓட்ட வச்சிருக்காரு."