அரிவாள்மனைக்கு ஒரு நல்ல காரணம்

லண்டனில் குளிரோடு குடித்தனம் நடத்தும் மாப்பிள்ளை அரவிந்தன் அவர்களுக்கு, திருவையாற்றிலிருந்து அத்தை பிரகதாம்பாள் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாமா, கறவை மாடு இரண்டு, குறுவை நாற்று ஆகிய அனைவரும் சௌக்கியம். அங்கே நீங்களும், எட்டு மாத வயிற்றோடு இருக்கும் என் மகள் மாலதியும் சௌக்கியமாக இருக்க ஐயாறப்பர் துணை. வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்பிய பதினோரு நிமிடத்துக்கு நீங்கள் ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பியிருந்தீர்கள். அதனால்தான் இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இதைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

விஷயம், பிரசவத்துக்கு வரும்போது நான் கொண்டுவர இருக்கும் அரிவாள்மனை. “அத்தை, கத்தி கித்தி எதுவும் எடுத்துட்டு வந்துடாதீங்க. இங்க சட்டம் வேற. வெறுங்கையோட வந்தாலே போதும்” என்று சொன்னீர்கள். மாப்பிள்ளை சொல்லுக்கு மறுசொல் சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆனால் அரிவாள்மனை கத்தி இல்லை. கத்தி காயைத் தேடிப் போகும். அரிவாள்மனையில் காய்தான் அரிவாளைத் தேடி வர வேண்டும். அதை வைத்து ஒருவரை வெட்டுவதென்றால் அவர் நம் எதிரே வந்து, குனிந்து, கடைசிவரை ஒத்துழைக்க வேண்டும்.

சட்டம் தெரியாமல் பேசக்கூடாதென்று விசாரித்தேன். சிங்கப்பூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்து ஊர் திரும்பிய கூத்தாநல்லூர் சித்தீக் பாய், “கடைக்குள்ள எத்தனை கத்தி வேணாலும் இருக்கலாம்மா. கையில எடுத்துக்கிட்டு ரோட்டுல நடந்தா, எதுக்குன்னு காரணம் சொல்லியாகணும்” என்றார். உங்கள் ஊர்ச் சட்டத்தை எதிர்வீட்டு வக்கீல் நெடுஞ்செழியன் பார்த்துச் சொன்னார். மூன்று அங்குலத்துக்கு மிகாமல், சாதாரணமாக மடங்கும் பேனாக்கத்தி என்றால் சும்மா வைத்துக்கொள்ளலாமாம். மற்றதைத் தெருவில் எடுத்துப்போக ‘நல்ல காரணம்’ வேண்டுமாம். என்னுடையதும் மடங்கும்தான், ஆனால் எட்டு அங்குலம். ஆகவே ஒரு நல்ல காரணத்தை இங்கிலீஷில் மனப்பாடம் செய்திருக்கிறேன்: “டாட்டர், டெலிவரி, வாழைப்பூ.” வாழைப்பூவுக்கு இங்கிலீஷ் வக்கீலுக்கே தெரியவில்லை.

அடுத்து விமானக் கம்பெனியைக் கேட்டுவிடலாமென்று கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். அங்கே டைப் அடிக்கும் எழில்மொழி, கெட்டிக்காரப் பெண்தான், நான் சொல்லச் சொல்ல அடித்தவள் நடுவில் ஒரு கமாவைப் போட்டுவிட்டாள்: ‘அரிவாள், மனை.’ அதை அப்படியே இங்கிலீஷாக்கி அனுப்பியும் விட்டாள். பதில் வந்தது. அரிவாளைப் பெட்டிக்குள் வைத்துச் சரக்கில் போடலாமாம். வீட்டு மனையை ஏற்றிச் செல்ல அவர்களிடம் வசதி இல்லையாம், வருந்துகிறார்களாம். இதைப் படித்த உங்கள் மாமா, “எந்த மனைடி? எனக்குத் தெரியாம எதடி மாப்பிள்ளைக்கு எழுதி வைக்கப் போற?” என்று பீரோவைத் திறந்து பட்டாவைத் தேட ஆரம்பித்தவர், இரண்டு நாள் பீரோச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தார்.

நம் நாட்டில் வீட்டுச் சாமானை ஆயுதம் என்று சொல்ல மாட்டார்கள் என்று வக்கீல் சொன்னதால், அதைப் போலீஸிலேயே எழுதி வாங்கிவிடலாமென்று அரிவாள்மனையைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். கல்யாணபுரம் தாண்டியதும் வேட்டி கொஞ்சம் விலகியது. அதன்பிறகு முழு சீட்டும் எனக்கே கிடைத்தது. ஸ்டேஷனில் ஏட்டு துரைராசு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “யார வெட்டுனீங்கம்மா?” என்றார். “வாழைப்பூவ” என்றேன். அரைநாள் உட்கார வைத்து எழுதிக் கொடுத்தார்: ‘மேற்படி பிரகதாம்பாள், வயது 61, மேற்படி அரிவாளால் இதுவரை காய்கறி தவிர வேறெதையும் வெட்டியதாகத் தகவல் இல்லை.’ இதற்கு மேல் உங்கள் ராஜாங்கத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதவும்.

மாலதியை மாடிப்படி ஏற விடாதீர்கள். வாய்க்கால் நிறைந்து வயலுக்குப் பாய்கிற மாதிரி உங்கள் வீடும் நிறைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அத்தை,
பிரகதாம்பாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாலதி போன் செய்தாள். உங்கள் தெருக்கோடி யாழ்ப்பாணத்தார் கடையிலேயே அரிவாள்மனை விற்கிறதாம். போன மாதமே நீங்கள் ஒன்று வாங்கி வந்தாயிற்றாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாப்பிள்ளை. அங்கே எல்லாம் இருக்கிறது, வெறுங்கையோடு வாருங்கள் என்றதும், அப்புறம் நான் எதற்கு என்று தோன்றிவிட்டது. அங்கே இல்லாத ஒரு சாமானாவது என் கையில் இருக்கட்டுமென்றுதான் இத்தனை அலைச்சலும். இதை அவளிடம் சொன்னேன். “அம்மா, இந்த வயித்த வச்சிக்கிட்டு என்னால கீழ உக்கார முடியல. அவருக்கு அதுல உக்காரவே தெரியல, ரெண்டு தடவ விரல வெட்டிக்கிட்டாரு. வாழைப்பூ அப்படியே கிடக்கு. நீ வாம்மா” என்றாள்.

ஆகவே வெறுங்கையோடு வருகிறேன். நான் வரும்வரை நீங்கள் அந்தப் பலகையில் உட்கார வேண்டாம். ஏட்டய்யா கொடுத்த தாளை மட்டும் எடுத்து வருகிறேன். உங்கள் வீட்டில் அது இல்லை என்று மாலதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.