பின்னே போகும் பொத்தான் இல்லாத நிச்சயதார்த்தம்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைய பொழுது போச்சு. அருப்புக்கோட்டை பஜாரில் இருபது வருஷமாகப் பம்புசெட் சாமான் கடை நடத்துகிறேன். வருகிற விவசாயச் சம்சாரிகளுக்கு எந்தக் குழாய், எந்த வால்வு என்று அடித்துச் சொல்கிறவன்தான். ஆனால் எனக்கென்று ஒரு சட்டை எடுக்கப் போனால் நீலத்தையும் சாம்பலையும் அரை நாள் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்குமே பிடிக்காத மூன்றாவது நிறத்தோடு வீடு திரும்புவேன். இந்த லட்சணத்தில்தான் என் அக்கா மகள் சுதாவின் நிச்சயதார்த்தத்தில் நான் புதுமை செய்யப் புறப்பட்டேன்.

சுதா திருச்சுழியில் ஓர் அரசாங்க ஆபீசில் மனுக்களைப் பார்க்கும் வேலையில் இருந்தாள். மூன்று வருஷமாக மாப்பிள்ளை தேடி, ஒவ்வொன்றும் ஏதாவது சகுனத்தில் போய் முட்டியது. ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் வாசலில் கால் வைத்தபோது கரண்ட் போனது. அத்தோடு அவர்களும் போனார்கள். கடைசியாகப் பந்தல்குடியில் லாரி வைத்திருக்கும் குடும்பம் அமைந்தது. பையனைச் சுதாவுக்கே பிடித்துவிட்டது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே எவன் முன்னாடியும் காப்பித் தட்டத் தூக்கிட்டு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

தாய்மாமன் சும்மா வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் நிற்பதா? (நின்றிருக்கலாம். இப்போது சொல்லி என்ன?) நாலு புத்தகம் படித்த திமிர் எனக்கு. கல்லூரியில் படிக்கும் என் மகள் தன் டேப்லெட்டில் ஒருவகைக் கதை படிப்பாள். திரையில் படம் வரும், கீழே வசனம் வரும். நடுநடுவே இரண்டு பெட்டிகள் தோன்றும். எதைத் தொடுகிறோமோ அந்த வழியில் கதை போகும். காட்சி நாவலாம். சுதாவும் மாப்பிள்ளையும் சந்தித்த கதையை இப்படி ஒரு காட்சி நாவலாக்கி, மண்டபத்து டிவியில் ஓட்டுவது என்று முடிவு செய்தேன். நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

அதைச் செய்ய ஒரு சாப்ட்வேர் வேண்டும். இலவசமாக ஒன்று கிடைத்தது, காசுக்கு ஒன்று கிடைத்தது. என் கெட்ட காலம், இரண்டாகக் கிடைத்தது.

முதல் வாரம் முழுக்க இலவசம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தமிழைத்தான் அதற்குப் பிடிக்கவில்லை. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமும் கோபித்துக்கொண்டு நின்றன. இரண்டாவது வாரம் காசுக்காரனிடம் போனேன். அதில் தமிழ் அச்சுப் போல வந்தது. ஆனால் அதிலும் இரண்டு வகை. விலை கூடியதில், தவறான பெட்டியைத் தொட்டுவிட்டால் திரும்பிப் போக ஒரு பொத்தான் உண்டு. விலை குறைந்ததில் அது கிடையாது. மறுபடி இலவசத்துக்குப் போனேன். மறுபடி காசுக்கு வந்தேன். கடையில் முக்கால் இஞ்சு குழாய் கேட்டவருக்கு ஒன்றரை இஞ்சு கொடுத்து அனுப்பினேன்.

"ஏங்க, முகமெல்லாம் இப்படி வெளிறிப் போயிருக்கு? யாருக்காச்சும் முடியலையா?" என்றாள் என் மனைவி செல்வி.

சொன்னேன்.

"இதுக்கா? ரெண்டுல ஒண்ண வாங்கித் தொலைங்களேன்."

விலை குறைந்ததையே வாங்கினேன். முன்னே போகத்தானே கதை, பின்னே போவதற்கு எவனாவது காசு கொடுப்பானா என்பது என் வியாபார மூளையின் வாதம்.

மிச்சமிருந்த ஐந்து நாளில் எழுதி முடித்தேன். 'பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குச் சுதா சொன்ன பதில் என்ன?' என்று ஒரு கேள்வி. கீழே 'சம்மதம்', 'வேண்டாம்' என்று இரண்டு பெட்டி. நிச்சய வீட்டில் எந்தக் கிறுக்கன் 'வேண்டாம்' என்பதைத் தொடுவான்? ஆனாலும் இலக்கிய நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. அந்த வழியையும் எழுதினேன். சம்மதத்துக்கு நான்கு பக்கம், வேண்டாமுக்கு நாற்பது. சோகம் என்றால் எனக்குக் கை தானாக ஓடும்.

மண்டபத்தில் தட்டு மாற்றுவதற்குச் சற்று முன்னால் ஆரம்பித்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்வரிசையில் இருந்தார். அவர் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். மரியாதைக்காக, டிவியோடு இணைத்திருந்த மகளின் டேப்லெட்டை அவரிடமே நீட்டினேன்.

"என்னப்பா இது, ரெண்டு பெட்டி தெரியுது?"

"பெரியவுக நீங்கதான் ஒண்ணத் தொடணும். தொட்டா அதும்படி போகும்."

"நம்ம கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரியா?"

சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்து முடிவெடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"ஆமா, கிட்டத்தட்ட" என்றேன். (அந்த 'கிட்டத்தட்ட'வை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.)

மனிதர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குலசாமி பேரைச் சொல்லிக் கண்ணை இறுக மூடினார். அவர் விரல் திரைக்கு மேல் வட்டமடித்து, இடது பக்கம் போய், யோசித்து, வலது பக்கம் வந்து இறங்கியது.

'வேண்டாம்.'

மண்டபத்து டிவியில் சுதாவின் படம் கண்ணீரோடு வந்தது. 'மன்னித்துவிடுங்கள். நம் பாதைகள் இணையாதவை' என்றது. மாப்பிள்ளையின் படம் கரிசல் காட்டில் லாரியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தது. டேப்லெட்டைப் பிடுங்கி அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி மட்டும் அதில் இலவசம். 'நம் பாதைகள் இணையாதவை' என்றது மறுபடி. இரண்டாவது வரிசையில் ஓர் அம்மாள் அழ ஆரம்பித்தாள்.

"ஏலே! நிறுத்துலே!" என்று அக்கா கத்தினாள். டிவியின் வயரைப் பிடுங்கினேன்.

பெரியப்பா கண்ணைத் திறந்து அமைதியாகச் சொன்னார். "சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு. தட்ட எடுங்கப்பா, கெளம்புவோம்."

"ஐயா, சாமி இல்லைங்க! அது நான் எழுதுனது!"

"கண்ண மூடித் தொட்டது நானு. நடுவுல நீ எங்கிட்டு வந்த?"

மூன்று வருஷம் தேடிய சம்பந்தம் என் சிக்கனத்தால் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் இனி தீபாவளிக்குக்கூட அவள் வீட்டுப் படி ஏற முடியாது என்று தெரிந்தது.

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. கூப்பிடும்வரை வரக் கூடாத பெண், பட்டுச்சேலையோடு விறுவிறுவென்று பெரியப்பா முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? உங்க ஊருல பூக்கட்டிப் பாத்தா பொட்டலத்த யாரு எடுப்பாக?"

"வெவரம் தெரியாத பிள்ள எதையாவது விட்டு எடுப்போம்."

"நீங்க வெவரம் தெரிஞ்சவுகளா, தெரியாதவுகளா?"

பெரியப்பா விழித்தார். முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"வெவரம் தெரிஞ்சவுக எடுத்தா செல்லாதுல்ல?" என்றாள், மனுவைத் திருப்பிக் கொடுக்கும் ஆபீஸ் குரலில்.

"செல்லாதுதான்" என்றார் அவர் மெதுவாக. "அப்ப முறையா பூக்கட்டித்தான் பாக்கணும். வெவரம் தெரியாத ஆளு இங்க யாரு இருக்கா?"

மண்டபத்தில் கைப்பிள்ளைகள் பத்தாவது இருக்கும். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அக்கா, செல்வி, என் மகள், சமையல்காரர் உட்பட அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது என்னை.

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, பொருத்தமான ஆளுதான்" என்றார்.

மல்லிகை வந்தால் சம்மதம், அரளி வந்தால் இல்லை என்று பேச்சு. உள்ளே போய் இரண்டு வாழையிலைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வந்து விளக்கு முன்னால் வைத்தாள் சுதா. நாற்பத்தெட்டு வயதில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். மறுபடியும் இரண்டு. இடதுபக்கம் கையை நீட்டி இழுத்தேன். வலதுபக்கம் நீட்டி இழுத்தேன்.

"சட்டுனு எடுங்க மாமா" என்றாள் சுதா பல்லைக் கடித்துக்கொண்டு.

எடுத்தேன். மல்லிகை. குலவைச் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. தட்டு மாறியது.

சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்குப் பாயசம் ஊற்றியபடி சுதா காதோரம் குனிந்தாள். "ரெண்டுலயும் மல்லியதான் மாமா வச்சேன். உங்கள நம்பி அரளிய வைக்க எனக்கென்ன கிறுக்கா?"

இன்று சுதாவுக்கு இரண்டு பிள்ளைகள். இந்தக் கதை இல்லாமல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியும் முடிவதில்லை. எங்கே பூக்கட்டிப் பார்த்தாலும், "எதுக்குப் பச்சப்பிள்ளையத் தேடிக்கிட்டு, வெவரம் தெரியாத மாமாவக் கூப்பிடு" என்று ஆள் வந்துவிடுகிறது. பெரியப்பாவுக்கோ என் கை ராசியான கை. போன மாதம் அவரே காரோடு வந்து நின்றார். போர்வெல் போடுவது கிழக்குப் புஞ்சையிலா மேற்குப் புஞ்சையிலா என்று நான் பொட்டலம் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

"சும்மா வந்து ஒக்காந்து எடுப்பா. நீ எடுத்தா தப்பாது" என்று தோளில் தட்டினார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். பொட்டலம் யார் கட்டுகிறார்கள் என்று நைசாகக் கேட்டேன்.

"பூசாரிதான். ரொம்ப நேர்மையான ஆளு" என்றார்.