வந்துகொண்டே இருந்த எக்ஸ்ரே

“இன்னும் எவ்வளவு நேரமாம்?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினார் பல் டாக்டர்.

“ஆறு நிமிஷம்னு காட்டுது டாக்டர்!” என்றது சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸ் இருந்தார். எக்ஸ்ரே அறையின் கிழட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டாக்டரின் புத்தம்புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு கடைவாய்ப் பல்லின் படம் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

பல் பார்க்கும் நாற்காலியில் ஒருவர் மல்லாந்து கிடந்தார். உள்ளே நுழைந்ததுமே ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர். திறந்த வாயைப் பேச விடுவது அந்தத் தொழிலில் வழக்கமில்லை. டாக்டர் அவரைப் பிடித்து உட்காரவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சையும் அடைத்துவிட்டார்.

“இப்பப் பாருங்க சார் வேகத்தை!” என்று அவரிடம் பெருமையடித்துவிட்டு, டாக்டர் செட்டிங்ஸைத் திறந்தார். ‘ஆட்டோ’ என்று சிவனே என்றிருந்ததை ‘முழு வேகம்’ என்று மாற்றினார்.

“ம்ம்ம்ம்!” என்று முனகினார் நாற்காலிக்காரர்.

“வலிக்குதா? மருந்து இப்பப் பிடிச்சுக்கும்.”

“டாக்டர், முக்கால் மணி நேரம்னு காட்டுது! நீங்க எதையும் தொடாதீங்க, நான் ஏற்கெனவே...”

“எனக்குத் தெரியும்மா! பொடிப்பொடியா அனுப்பினா இப்படித்தான். பொட்டலத்தைப் பெருசாக்கிட்டா ஒரே தூக்கா வந்துடும்.”

பெரிதாக்கினார். நாற்காலிக்காரர் இரண்டு கையையும் ஆட்டி, காலையும் உதைத்தார்.

“நாளை மறுநாள்னு காட்டுது டாக்டர்!”

நாற்காலிக்காரர் காற்றில் விரலால் கிறுக்கிக் காட்டினார்.

“பில்லுக்கு என்ன சார் அவசரம்? முதல்ல பல்லு,” என்ற டாக்டர், நடுவில் குறுக்கே நிற்பது வைரஸ் தடுக்கும் காவல் புரோகிராம்தான் என்று முடிவுகட்டி, அதை அணைத்தார். அணைத்த கையோடு பக்கத்திலிருந்த ஏதோ ஒன்றையும் சேர்த்து அணைத்தார்.

“டாக்டர்! இங்க ஸ்க்ரீன்ல உங்க கம்ப்யூட்டர் பேரையே காணோம்!”

நாற்காலிக்காரர் தலையை மடார் மடாரென்று பின்னால் முட்டிக்கொண்டார்.

“போகட்டும் விடுங்க. படமா பல்லைப் பிடுங்கப்போகுது? என் கைதானே!” என்று குறடும் கையுமாக வந்தார் டாக்டர். ஒரு பல்லைத் தட்டினார். “இதுவா?”

இல்லை என்று தலையாட்டல்.

“இதுவா?”

அதற்கும் இல்லை.

“எல்லாத்துக்கும் இல்லைன்னா எப்படி சார்? வலியே இல்லாமலா இங்க வந்தீங்க?”

நாற்காலிக்காரர் தலையைக் கழுத்து சுளுக்குமளவுக்கு மேலும் கீழும் ஆட்டினார்.

“பயத்துல வலி மறந்துபோச்சு. எல்லாரும் சொல்றதுதான்.” டாக்டர் முழங்கையால் அவர் மார்பை அமுக்கிக்கொண்டு, இருப்பதிலேயே திடமான ஒரு கடைவாய்ப் பல்லைக் கவ்விப் பிடித்தார்.

அப்போது கதவு திறந்தது. கன்னம் பந்தாக வீங்கிய ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“டாக்டர், எக்ஸ்ரே எடுத்துட்டு இன்னும் எவ்வளவு நேரம்தான் நான் வெளியே உக்காந்திருக்கிறது? கம்ப்யூட்டர் சரிபண்ண உள்ள போன தம்பி இன்னுமா முடிக்கல?”