மாதப்பன் சாகாத படம்

தந்திக்கார மதலைமுத்து டெண்ட் கொட்டகையின் பெண்கள் பக்கத் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்தபோது, அவருடைய காக்கிச் சட்டைப் பையிலிருந்த தந்திக்கு வயது நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. தந்தி என்பது கைக்கு வந்ததும் ஓடிப்போய்க் கொடுக்க வேண்டிய சமாச்சாரம். கடத்தூரில் பதினெட்டு வருஷமாக அவர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் பாழாய்ப்போன கால் ஓடவில்லை.

அது 1971 டிசம்பர். வங்காளத்துப் பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்தது. தீர்த்தம்மாளின் ஒரே மகன் மாதப்பன் அந்தச் சண்டையில் இறந்துபோனான் என்பதுதான் பையிலிருந்த சேதி. போஸ்ட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்து அர்த்தம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போய்க் குடுத்துட்டு வாப்பா" என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டரை மணிக்கு மதலைமுத்து சந்து முனை வரைக்கும் போகத்தான் செய்தார். தீர்த்தம்மாள் வாசலில் உட்கார்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காவேரி என்னவோ சொல்ல, அவள் முறத்தை ஆட்டியபடி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கிறவளிடம் போய் இந்தக் காகிதத்தை எப்படி நீட்டுவது? சிரித்து முடிக்கட்டும் என்று சைக்கிளைத் திருப்பினார். டீக்கடையில் இரண்டு டீ குடித்தார். சட்டைப் பையில் கிடந்த ஜெபமாலையை உருட்டினார். மறுபடி ஐந்து மணிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடந்தது.

"சினிமாவுக்குப் போயிருக்காங்க. ஆயுசுல கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசி, மொறத்த அப்பிடியே போட்டுட்டுப் போறாங்க. என்னா கிறுக்கோ போங்க" என்றாள் காவேரி.

ஆக, இன்னொரு டீயையும் குடித்துவிட்டு ஆறரை மணிக்குக் கொட்டகைக்கு வந்து எட்டிப் பார்த்தார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில், மணலில் கால் மடக்கி, முக்காடு போட்டுக்கொண்டு தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட வாயெடுத்த நேரத்தில் ஒரு கை அவர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தது. கொட்டகை முதலாளி ராஜப்பன். கைதான் அவருடையது, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

சங்கதி இதுதான். சண்டைக் காலத்தில் சண்டைப் படம்தான் ஓடும் என்று ராஜப்பன் ஒரு தமிழ் ராஜா படத்துக்கு ஏற்பாடு செய்து, ஊரெல்லாம் தண்டோராவும் போட்டாயிற்று. பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கிய படப்பெட்டியோ மாறிவிட்டது. உள்ளே ராஜா இருக்கிறார், குதிரை இருக்கிறது, கத்தி இருக்கிறது. தமிழ்தான் இல்லை. எந்த தேசத்துப் பாஷை என்று ஆபரேட்டர் சவரிக்கே தெரியவில்லை. கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறதாம்.

"கொட்டாய் நெறைஞ்சுருச்சு முத்து. போன மாசம் ரீல் அறுந்ததுக்கே மணல வாரி அடிச்சானுங்க. இன்னிக்குக் கொட்டாயவே பிரிச்சுருவானுங்க. நீதான் இங்கிலீஷ் படிக்கிற ஆளு. மைக்குல கதையச் சொல்லிரு."

ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு தந்தி படித்துச் சொல்கிற ஆளுக்கு இங்கிலீஷ் வராமலா இருக்கும்? உண்மையில் மதலைமுத்துவுக்குத் தெரிந்தது இருபது வார்த்தை. மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி, மேல் சைல்டு, எக்ஸ்பயர்டு. அதற்கு மேல் ஒன்று கேட்டால் போஸ்ட்மாஸ்டரைத்தான் தேட வேண்டும்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டேன் என்றால் உள்ளே போய்த் தந்தியைக் கொடுக்க வேண்டும். படம் முடிகிற வரைக்கும் அந்த வேலை தள்ளிப் போகும் என்று தோன்றிய மாத்திரத்தில் அவர் கை மைக்கை வாங்கிக்கொண்டது. இதை அவர் பிற்பாடு பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் ஒப்புக்கொண்டார்.

படம் ஓடியது. இங்கிலீஷ் எழுத்து வந்த வேகத்தில் ஓடிப்போயிற்று. 'ஃபாதர்' என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது, அவ்வளவுதான். மதலைமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. அப்புறம் மெல்ல மெல்லப் படம் அவருக்குப் பிடிபட்டது. மேடைமேல் ஒரு கிழட்டு ராஜா. இந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கிற தளபதி, அந்தப் பக்கம் கடைக்கண்ணால் பார்க்கிற தளபதி. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒருத்தன் குதிரையில் வந்து, கீழே விழுந்து, ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் செத்துப்போனான்.

அட, இதே கொட்டகையில் ஏழு தடவை பார்த்த தமிழ் ராஜா படத்திலும் இவன்தானே வந்து செத்தான்! பங்குச் சாமியார் பள்ளிக்கூடச் சுவரில் காட்டிய ரோமாபுரிப் படத்திலும் செத்தானே! உடுப்புதான் வேறே. ரோமாபுரியில் முழங்கால் தெரிந்தது, இங்கே தலையில் கொம்பு வைத்த தொப்பி. மற்றபடி அதே ராஜா, அதே கடைக்கண், அதே குதிரை.

"எதிரிப் படை ஆத்தைத் தாண்டிருச்சுன்னு தூதன் சொல்றான்" என்றார் தைரியமாக.

"அந்தக் கடைக்கண்ணுக்காரன் காட்டிக் குடுப்பான் பாரு" என்று தரை டிக்கெட்டிலிருந்து நஞ்சப்பன் சொன்னான். வருகிற படத்தையெல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு முன்கூட்டியே கதை சொல்லித் தொலைக்கிறவன். இன்றைக்கு அவன் இருந்தது மதலைமுத்துவுக்குப் பெரிய உபகாரம்.

அடுத்து, ஒரு வீட்டில் ஒரு தாய் மகனின் தலையில் பட்டித் துணி கட்டிக்கொண்டிருந்தாள். பையனுக்கு இருபது வயது இருக்கும். கத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"தம்பி பேரு என்னாங்க?" என்று கேட்டான் நஞ்சப்பன்.

"மாதப்பன்" என்றார் மதலைமுத்து.

மத்தியானத்திலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்த பேர், கேட்டதும் தானாக வெளியே வந்து விழுந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? கூட்டம் ஓவென்று சிரித்தது. நம்ம தீர்த்தம்மா மகன் பேராச்சே என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் பக்கம் ஒரு முக்காடு நிமிர்ந்து, மைக் இருந்த திசைக்குத் திரும்பி, மறுபடி திரைக்குப் போயிற்று.

அந்த நிமிஷத்தில் மதலைமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்தப் படத்தில் மாதப்பன் சாகக் கூடாது. வெளியே போனால் அவனைச் சாகடிக்கப் போவது தானேதான். உள்ளேயாவது அவன் இருக்கட்டும்.

முதல் இடைவேளைக்குள்ளேயே மாதப்பன் நெஞ்சில் மூன்று அம்பு பாய்ந்தது.

"உள்ள இரும்புக் கவசம் போட்டிருக்கான். செத்த மாதிரி பாசாங்கு பண்றான்" என்றார் மதலைமுத்து.

நாலு பேர் அவனைப் பலகையில் வைத்துத் தூக்கிப் போனார்கள். வைத்தியர் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள் என்றார். அந்தப் பாவிகள் அவனை நேரே விறகு மேல் கொண்டுபோய் வைத்துத் தீ மூட்டினார்கள். எரிகிறது வேறு ஆள் என்றும், எதிரியை ஏமாற்றுவதற்கு இப்படி ஒரு தந்திரம் என்றும் மதலைமுத்து சமாளித்தார். உடனே அந்தத் தாய் திரை முழுக்க வந்து, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மவன் தப்பிச்ச சந்தோசத்துல அழுவுறாங்க."

"சந்தோசத்துல எவ மாருல அடிச்சுக்குவா?" என்று கேட்டான் நஞ்சப்பன். கேள்வி நியாயமானதுதான். கூட்டம் முணுமுணுத்தது, ஒரு கைப்பிடி மணல் மேலே பறந்தது.

நல்ல வேளை, விளக்கு வந்தது. ஒற்றை மெஷின் கொட்டகையில் ரீல் மாற்ற அடிக்கடி விளக்குப் போடுவார்கள். மதலைமுத்து பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தட்டி வரைக்கும் போனார். இப்போதே கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். சுற்றிலும் பெண்கள் எழுந்து காலை நீட்டி, முறுக்கு வாங்கி, குழந்தைகளை அதட்டிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் மட்டும் ஆடாமல் அசையாமல் வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஆசையாகப் படம் பார்க்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டு அவர் திரும்பிவிட்டார்.

"நாலு மணிக்கே வந்து வாசல்ல ஒக்காந்துருச்சு அந்தம்மா. டிக்கெட்டே ஆறு மணிக்குத்தான் குடுத்தோம்" என்று ராஜப்பன் சோடாவை நீட்டினார். படத்தில் ஒரு குறையும் இல்லையாம், அந்த அழுகையை மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

அடுத்த ரீலில் மதலைமுத்துவுக்கு இன்னொரு யோசனை வந்தது. புத்திசாலித்தனமாக ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது! மாதப்பன் உயிரோடிருக்கிறான் என்று சொன்னால் மட்டும் போதுமா, காட்ட வேண்டாமா? அதே உயரம், அதே கொம்புத் தொப்பியில் ஒருவன் வந்தான். "இதோ பாருங்க நம்ம மாதப்பன்!" என்று கத்திவிட்டார். கூட்டம் கை தட்டியது. நஞ்சப்பன் விசிலடித்தான்.

அந்த மாதப்பன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்க் கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்டான்.

முன்னாடி ஒருவர் எழுந்து நின்று, எங்க ஊர்ப் பையன் பேரை வைத்துவிட்டு அவனைத் துரோகி ஆக்குவாயா, அங்கே அவன் குண்டுக்கு நடுவில் கிடக்கிறான், பெத்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று சத்தம் போட்டார். மதலைமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன் துரோகி இல்லை, வேவு பார்க்கப் போனவன், கதவைத் திறந்து எதிரிகளை உள்ளே விட்டு மடக்கப் போகிறான் என்று மூச்சு விடாமல் சொன்னார். மடக்கவில்லை. உள்ளே வந்த எதிரிகள் ராஜாவைக் கொன்றார்கள், பட்டித் துணி கட்டின தாயைக் கொன்றார்கள், கடைசியில் கதவைத் திறந்தவனையும் கொன்றார்கள். ராஜா சாவதற்கு முழுசாக ஒரு ரீல் ஆயிற்று. மற்றவர்கள் கண்ணிமைக்கிற நேரத்தில் போனார்கள். இதுவும் எல்லா தேசத்துப் படத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கடைசியில் ஒரு பெரிய வெளி. புல்லுக்கு நடுவே நூறு இருநூறு பேர் விழுந்து கிடந்தார்கள். இந்தப் பக்கத்து ஆள் யார், அந்தப் பக்கத்து ஆள் யார் என்று அடையாளம் தெரியவில்லை. காற்று மட்டும் அடித்தது. ஒரு குதிரை ஒவ்வொருத்தனாக மோந்து பார்த்தபடி போயிற்று.

"என்னாங்க நடக்குது?" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. தீர்த்தம்மாளின் குரல். சாயங்காலத்திலிருந்து அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

மதலைமுத்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சண்டை முடிஞ்சிருச்சுங்க. எல்லாரும் களைச்சுப் போயிட்டாங்க. தூங்குறாங்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பிடி மணல்கூடப் பறக்கவில்லை. விளக்கு வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்து போனார்கள். ராஜப்பன் ஓடிவந்து மதலைமுத்துவைக் கட்டிக்கொண்டார். கொட்டகை தப்பித்தது, நாளைக்கும் வந்து சொல்லிவிடு, ஆனால் ராஜாவை மட்டும் சாக விடாதே, ஜனங்களுக்கு மனசு கஷ்டமாகிறது என்றார்.

தீர்த்தம்மாள் போகவில்லை. கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மதலைமுத்து மணலில் கால் புதையப் புதைய அவளிடம் நடந்தார். ரசீதில் கையெழுத்தோடு நேரமும் போட வேண்டும். எந்த நேரத்தைப் போடுவது? ஒரு பொய்யோடு பொய்யாக இதையும் சொல்லிவிடலாம் என்று பையில் கையை விட்டார்.

"அக்கா... இப்பத்தான், கொஞ்சம் முன்னாடிதான், ஒரு தந்தி..."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"குடுங்க தந்திக்காரரே. மத்தியானம் நீங்க சந்து முனையில சைக்கிளத் திருப்புனத நான் பாத்துட்டேனுங்க. படம் ஓடுறப்ப யாரும் தந்தி குடுக்க மாட்டாங்கன்னுதான் கொட்டாய்க்கு ஓடியாந்தேன்."