தாங்குமா என்று பார்க்கிற மாப்பிள்ளை

எதையும் நம்புகிறவர்கள் உண்டு, எதையும் நம்பாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், நம்புவதற்காகவே ஒடித்துப் பார்க்கிற இனம் ஒன்று உண்டு, கண்டிருக்கிறீர்களா?

அந்த இனத்து ஜாபேஸின் பெயரை, மகள் ஸ்வீட்லினுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த ஜெபகனி முதலில் கேட்டது ஒரு ஞானஸ்நான விருந்தில், இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தபோது. பெரியம்மை மகள் டார்லின்தான் சொன்னாள்: "நம்ம மெஞ்ஞானபுரத்துச் சித்தப்பாவுக்குக் கொழுந்தியா பேரன். சுவிட்சர்லாந்துல வேலை. ஸ்வீட்லினுக்குப் பாப்பமா?"

"என்ன வேலை?"

"கேபிளு தாங்குமான்னு பாக்கது."

சிரிக்காதீர்கள், பெரிய வேலை. சூரியனைப் போல ஒரு நெருப்பை இங்கன பூமியிலேயே மூட்டப் போகிறார்களாம். எந்தப் பானை அதைத் தாங்கும்? சுவரில் படாமல் காந்தம்தான் பிடித்து நிறுத்த வேண்டும். காந்தத்துக்குள் ஒரு கேபிள். அதை மார்கழி நாணுகிற குளிரில் வைத்தால் கரண்டு சேதாரமில்லாமல் ஓடும். ஜாபேஸ் கரண்டைப் பைய ஏற்றுவான், இன்னும் ஏற்றுவான், கேபிள் சூடாகிக் கைவிடுகிற வரை ஏற்றுவான். பிறகு குளிரவைத்து மறுபடி முதலிலிருந்து.

ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போன வீடு. இதுவாவது நிலைக்க வேண்டுமே என்று ஜெபகனி உபவாசம் இருந்தாள்.

பெண் பார்க்க வந்தவன் உட்காருமுன் நாற்காலியை ஆட்டினான்.

"என்ன மாப்ள, ஆடுதா?" என்றார் ஸ்வீட்லினின் அப்பா எலியேசர்.

"இல்ல மாமா, ஆடுமான்னு பாக்கேன்."

முறுக்கைக் காதோரம் வைத்து ஒடித்தான். நிச்சயத்துக்குச் சீராகக் கொடுத்த பத்தமடைப் பாயை மடக்கி, விரித்து, மடக்கி, விரித்து, ஓரத்தில் கோரை பிரிந்ததும் முகம் மலர்ந்தான்: "இவ்வளவுதான் தாங்கும்." ஸ்வீட்லினுக்குப் போன் போட்டு, "கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது போல" என்பான். அவள் அழுதால், "சும்மா, பாத்தேன்."

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், தெரியுமல்லவா? இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை சொல்ல யாரும் உண்டா என்று. யாரும் சொன்னதில்லை. மூன்றாம் ஞாயிறு, லீவு கிடைத்து வந்திருந்த ஜாபேஸ் எழுந்தான்.

"எனக்கு ஆட்சேபம் உண்டு."

குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏ தம்பி, மாப்பிள்ளையே நீருதான வே!"

"ஆமா ஐயா. ஒருத்தன் எந்திச்சுத் தடை சொன்னா இந்த ஏற்பாடு தாங்குதான்னு பாத்தேன். தாங்குது. மேல வாசிங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்வீட்லின் எழுந்தாள்.

"உங்க கேபிளு கைவிட்டா என்ன செய்விய?"

"கரண்ட நிறுத்திக் குளிர வைப்போம். பழையபடி ஆயிரும்."

"நான் ஆக மாட்டேன்" என்றாள். "ஐயா, ஓலைய மடக்கிருங்க."

பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுக்கிறவர்களே, 'நான் செத்தா அழுவியளா?' என்று புருஷனைக் கேட்டுவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்க்கிறவர்களே, சிநேகிதன் கொடுப்பானா என்று தேவையில்லாமல் கைமாற்றுக் கேட்கிறவர்களே, உங்களைச் சொல்லவில்லை. கொஞ்சம் ஆட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஸ்வீட்லின் வேறொருவனைக் கட்டி நாசரேத்தில் இருக்கிறாள். ஜாபேஸ் சுவிட்சர்லாந்தில் கேபிளோடு இருக்கிறான்.